அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார். நான் என்ன செய்ய வேண்டும்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு வயது 41. கோண்டாவிலில் வீடு, யாழ்ப்பாண நகரத்தில் மேசை வேலை, ஸ்கூட்டரில் போய் வருகிறீர்கள். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் பயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சிகரெட் பழக்கமும் உண்டு என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இதயத்தைக் காப்பாற்ற நாளாந்தம் என்ன செய்யலாம், வட்ஸ்அப்பில் வந்த உள்ளி, இஞ்சி, தேசிக்காய்க் கசாயத்தைக் குடித்தால் அடைப்புக் கரையுமா என்று கேட்கிறீர்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி மருத்துவ விடுதியிலும் கிளினிக்கிலும் போனது. மருந்து எழுதுவது டொக்டரின் வேலை. வீட்டுக்குள் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

‘ஒரு வருத்தமும் இல்லை’ என்று எழுதினீர்கள் அல்லவா, அதிலிருந்தே தொடங்குவோம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? பிறசர் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? சீனி, கொழுப்புப் பார்த்தீர்களா? பிறசர் கூடினால் தலை இடிக்கும், தலை சுற்றும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 170, 180 இல் பிறசரை வைத்துக்கொண்டு தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு நோவும் இல்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் கொழுப்புப் படிவதும் அப்படித்தான். இருபது முப்பது வருடமாகச் சத்தமில்லாமல் படியும். ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடும். அதனால்தான் செத்த வீட்டில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லுகிறார்கள்: “நேற்றுப் பின்னேரம்கூட நல்லாக் கதைச்சுக்கொண்டிருந்தவர்.” அவர்கள் சொல்வது உண்மைதான். உடம்பு முன்கூட்டிச் சொல்லாது. நாங்கள்தான் போய் அளந்து கேட்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் முதல் பழக்கம் சாப்பாடும் இல்லை, நடையும் இல்லை. அளப்பதுதான். இலங்கையில் பல அரச வைத்தியசாலைகளில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு, வருத்தம் வருமுன்னரே பிறசர், சீனி, நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எந்த நாளில் எங்கே என்று சொல்வார்கள். மினக்கெட்டு ஒரு காலைப்பொழுது லீவு போட்டுப் போங்கள்.

பிறசர் அளக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டரில் இருந்து இறங்கி, படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கையை நீட்டக்கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து இருங்கள். கால் இரண்டும் நிலத்தில் இருக்கட்டும், கால்மேல் கால் வேண்டாம். கை, நெஞ்சின் மட்டத்தில் மேசையில் இருக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியோ சிகரெட்டோ கூடாது, சலமும் போய்விட்டு வர வேண்டும். அளக்கும்போது கதைக்கவும் வேண்டாம். இவ்வளவும் செய்து, வேறு வேறு நாட்களில் பார்த்தபோதும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது உயர் பிறசர்தான். “டொக்டரைக் கண்ட பயத்தில ஏறினது” என்று ஒதுக்கிவிட வேண்டாம். சீனியை வெறுவயிற்றில் பார்க்கும்போது 100 க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 உம் அதற்கு மேலும் நீரிழிவு, இடைப்பட்டது எச்சரிக்கை. அப்புறம் ஒரு தையல் நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். எங்கள் பிராந்திய ஆட்களுக்கு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதுதான் எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்பது எங்கள் ஆட்களுக்கே உரிய உடல்வாகு. நிறை குறைவு என்று அதைப் பார்த்து ஆறுதல் படக்கூடாது.

அப்பாவின் விஷயம். தகப்பனோ சகோதரனோ 55 வயதுக்கு முன்னும், தாயோ சகோதரியோ 65 வயதுக்கு முன்னும் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால் டொக்டர்மார் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் அப்பா அந்தக் கணக்குக்குள் வருகிறார். அதனால் உங்களுக்கு ஆபத்துக் கூட. ஆனால் இது தலையில் எழுதிய எழுத்து என்று இருந்துவிடாதீர்கள். 2004 இல் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில், முதல் தரம் மாரடைப்பு வந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, பிறசர், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் குறைவாகச் சாப்பிடுவது, உடற்பயிற்சி இன்மை, மதுபானம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து உலகத்து முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் சொல்லிவிடுகின்றன என்று கண்டார்கள். அந்த ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டு ஆட்களுக்கு 59 க்குக் கிட்ட. உங்கள் அப்பாவின் வயதை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். அந்த ஒன்பதில் ஒவ்வொன்றும் நாங்கள் கைவைத்துத் திருத்தக்கூடியது.

இனிச் சமையலறைக்குப் போவோம். உப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பிறசரை ஏற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. தட்டையாக ஒரு தேக்கரண்டி. ஒவ்வொரு கறியிலும் இதை யாரும் அளந்து கொண்டிருக்க முடியாது. அதனால் கிளினிக்கில் வந்த அம்மாமாருக்கு நான் சொல்லிக்கொடுத்த கணக்கு வேறு. உப்புப் பக்கற்றை உடைக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுதிவையுங்கள். உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 750 கிராம். பிள்ளைகளுக்கு இன்னும் குறைய வேண்டும். ஒரு கிலோப் பக்கற் ஒரு மாதத்துக்குள் முடிந்தால் அடுப்படியில் உப்புக் கூட. அதுவும் பாண், மிக்சர், ரோல்ஸ், கருவாடு, நூடில்ஸ் வழியாக வெளியிலிருந்து வரும் உப்பைச் சேர்க்காமலே. உண்மையில் அரைக் கிலோவுக்குக் கிட்டவாக நிற்க வேண்டும்.

ஆனையிறவுக் கட்டி உப்பாக இருந்தாலும் கடைத் தூள் உப்பாக இருந்தாலும் பிறசருக்கு இரண்டும் ஒன்றுதான். அயடின் சேர்த்ததை வாங்குங்கள், அளவைக் குறையுங்கள். சோற்றுக்கு உப்புப் போடுவதை முதலில் நிறுத்துங்கள், கறியில் இருக்கும் உப்புப் போதும். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தல் இருக்க வேண்டாம். மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் ஒரே நாளில் ஒரே தட்டில் வரக்கூடாது. ஒன்று வந்தால் மற்றது நிற்கட்டும். கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவிட்டு இரண்டு தரம் கழுவினால் உப்புக் கொஞ்சம் போகும், ஆனால் முழுக்கப் போகாது. தேசிக்காய்ப் புளி, பழப்புளி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வளவிலும் அலுமாரியிலும் இருக்கின்றன. புளிப்பும் உறைப்பும் நின்றால் உப்புக் குறைந்தது நாக்குக்குப் பிடிபடாது. முதல் இரண்டு மூன்று கிழமை சப்பென்று இருக்கும், பிறகு பழைய அளவுதான் கடுக்கும். கடைகளில் ‘குறைந்த சோடியம்’ என்று ஒரு உப்பு விற்கிறார்கள். அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், லொசாட்டன், எனலப்ரில் போன்ற பிறசர்க் குளிசை எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

தேங்காயை எங்களிடமிருந்து பிரிக்க ஏலாது, பிரிக்கவும் தேவையில்லை. ஆனால் ஒரு இரவுச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மேலே சொதி, பொரியலும் தேங்காயெண்ணெயில். ஒரே தட்டில் நாலு தரம் தேங்காய். தேங்காயெண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுவதில் அது மற்ற மரக்கறி எண்ணெய்களுக்கு முந்தி நிற்கிறது. “எங்கட பாட்டன்மார் எல்லாம் தேங்காயில்தானே வாழ்ந்தவை” என்று கேட்பீர்கள். அவர்கள் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்தவர்கள், எங்கும் நடந்து போனவர்கள். பொரித்த பண்டம் அவர்களுக்குத் தீபாவளி, வருடப்பிறப்புக்குத்தான். நான் சொல்வது இதுதான்: ஒரு நேரச் சாப்பாட்டில் தேங்காய் ஒரு இடத்தில் வரட்டும். சம்பல் இருந்தால் சொதிக்கு முதற்பால் வேண்டாம், கப்பிப்பால் காணும். தாளிக்க நல்லெண்ணெய் ஒரு கரண்டி எடுங்கள். பொரியலைக் கிழமைக்கு ஒருநாள் என்று வையுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள். பின்னேரம் அலுவலகத்துக்கு வரும் ரோல்ஸ், பற்றிஸ், வடைப் பொதியைத்தான் நீங்கள் முதலில் விட வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைவிட அது மோசம்.

சோறு பற்றி ஒன்று. சிவப்பரிசி நல்லது, ஆனால் சிவப்பரிசி என்பதற்காக மலைபோலக் குவித்தால் அதன் நன்மை போய்விடும். தட்டைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியில் முதலில் வறையும் மரக்கறியும் போடுங்கள். சோறு மற்றப் பாதிக்குள், மீனுக்கோ பருப்புக்கோ இடம் விட்டு வரட்டும். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் காலையில் கிடைக்கும் கீரை வகை வேறு எங்கும் இப்படிக் கிடைக்குமா தெரியாது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை, தவசி முருங்கை. காலையில் பாணுக்குப் பதில் இலைக்கஞ்சி குடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அது திறமான பழக்கம். குரக்கன் புட்டும் ஒடியல் மாவும் நார்ச்சத்துள்ளவை, கிழமைக்கு இரண்டு நாள் கோதுமை மாவை வெளியே அனுப்பிவிட்டு அவற்றுக்கு இடம் கொடுங்கள். ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன்: இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுக்கும் ஆட்கள் வீட்டில் இருந்தால், கீரையை ஒருநாள் அள்ளிச் சாப்பிட்டு ஒரு கிழமை விடக்கூடாது. நாளாந்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தின் வேலை கூடிக் குறையும்.

மீன் விஷயத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. சூடை, சாளை, கும்பிளா போன்ற கொழுப்புள்ள மீன்கள் இதயத்துக்கு நல்லவை, விலையும் பெரிய மீனைவிடக் குறைவு. குழம்பாகவோ தீயலாகவோ கிழமைக்கு இரண்டு நாளாவது வையுங்கள். பொரித்தால் பாதி நன்மை சட்டியிலேயே போய்விடும். ஆட்டிறைச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு.

தேத்தண்ணி. உங்கள் அலுவலகத்தில் காலை, பத்து மணி, மத்தியானம், மூன்று மணி, வீட்டுக்கு வந்து ஒன்று என்று ஐந்து வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி, ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறேன், அது இயற்கை என்பார்கள். மண் வாசமும் சுவையும் உண்டு, ஆனால் அதுவும் சீனிதான். ஒரு சின்னத் துண்டோடு நிறுத்துங்கள். சோடாப் போத்தல்களில் 2016 இலிருந்து சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவுக்கு நிறம் போடுகிறார்கள். சிவப்பை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கும் அந்த நிறத்தைக் காட்டிக்கொடுங்கள், அவர்கள் உங்களைவிடக் கெதியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

உடம்பை அசைப்பது பற்றி. தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்றிருந்த காலத்தில் இந்தக் குடாநாடு முழுக்கச் சைக்கிளில் ஓடியது. நாங்கள் விரும்பி ஓடவில்லை, அந்தக் கஷ்டம் திரும்ப யாருக்கும் வரக்கூடாது. ஆனால் கிணற்றில் அள்ளிக் குளித்ததும், சந்தைக்குச் சைக்கிள் மிதித்ததும் போனபிறகு அந்த இடத்துக்கு நாங்கள் ஒன்றையும் கொண்டுவரவில்லை. மோட்டர் தண்ணி ஏற்றுகிறது, ஸ்கூட்டர் ஒழுங்கை முனைக் கடைக்கும் ஓடுகிறது. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடம் வேண்டும் என்பது பொதுவான அளவு. ஐந்து நாள், அரை மணித்தியாலம். வேகம் எவ்வளவு என்றால், கூட வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது.

கோண்டாவிலிலிருந்து நகரத்துக்கு நாலைந்து கிலோமீற்றர்தான். கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் போய் வந்தாலே கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். அது ஏலாவிட்டால் காலை ஏழு மணிக்கு முன், வெயில் ஏறுமுன் நடவுங்கள். சித்திரை வைகாசியில் எட்டு மணி வெயிலே எரிக்கும். தெருநாய்க்குப் பயந்து நடப்பதை விட்ட பலரை எனக்குத் தெரியும், அது நியாயமான பயம்தான். அவர்களுக்குக் கோயில் வீதியைத்தான் சொல்வேன். நல்லூர் வெளிவீதி, உங்கள் ஊர்க் கோயிலின் வீதி, எதுவானாலும் சுற்றி வர அரை மணித்தியாலம் போவதே தெரியாது, துணைக்கும் ஆட்கள் இருப்பார்கள். பின்னேரத்தில் பண்ணைக் கடற்கரைப் பக்கமும் ஆரியகுளத்தைச் சுற்றியும் நிறையப் பேர் நடக்கிறார்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாக நடக்கப் பெண்கள் தயங்கும் ஊர் இது. நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் அது பயிற்சிக் குறைவு இல்லை, அன்றே டொக்டரிடம் போக வேண்டிய அறிகுறி. அலுவலகத்தில் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நாலு அடி நடந்து வாருங்கள்.

சிகரெட்டில் நான் பேரம் பேச மாட்டேன். ‘இரண்டு மூன்றுதானே’ என்று நினைக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இருபது புகைப்பவருக்கு இதய நோயில் கூடும் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும் வந்துவிடுகிறது. இதயத்தைப் பொறுத்தவரை குறைப்பது காணாது, நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தி ஒரு வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்துப் பாதியாகக் குறையும், அதை நினைத்துத் தைரியமாக விடுங்கள். புகையிலையும் சுருட்டும் ஒரு காலத்தில் இந்த மண்ணுக்குச் சோறு போட்ட தொழில், எனக்கு அது தெரியும். ஆனால் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் புகையிலையும் இதயத்துக்கு ஆகாது. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் அவவிடமும் மெல்லமாகச் சொல்லுங்கள். சாராயமோ கள்ளோ, ‘கொஞ்சம் நெஞ்சுக்கு நல்லம்’ என்ற கதையை நம்பித் தொடங்க வேண்டாம்.

நித்திரை குழம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோடு இரவு பன்னிரண்டு மணிவரை போனில் கதைப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். அவர்களுக்கு அப்போதுதான் ஓய்வு. அதை ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏழு மணித்தியால நித்திரை இதயத்துக்கு மருந்து மாதிரி. பெரிய சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறீர்கள் என்று மனைவி சொன்னால், அதை டொக்டரிடம் சொல்லுங்கள், பிறசர் இறங்காமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மனதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இந்த ஊரில் ஒருவரையாவது இழக்காத வீடு குறைவு. அந்தப் பாரத்தை வருடக்கணக்காக வாய் திறக்காமல் சுமப்பவர்களை நான் விடுதியில் கண்டிருக்கிறேன். அப்பாவைப் பற்றி அம்மாவோடு இருந்து கதையுங்கள். இரண்டு பேருக்கும் அது தேவை.

இப்போது எனக்கு மிகவும் நோகும் இடத்துக்கு வருகிறேன். என் மூத்த அண்ணனுக்குப் பிறசரும் கொழுப்பும் இருந்தன. குளிசை எடுத்து எல்லாம் வடிவாக இறங்கிவிட்டது. “இப்ப எல்லாம் நோர்மல்தானே, ஏன் சும்மா குளிசை?” என்று நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம் தொடங்கிய நாளில் தானாகவே விட்டுவிட்டார். எனக்கும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் போய்விட்டார். இறங்கியது குளிசையால் இறங்கியது, விட்டால் ஏறும். பிறசர்க் குளிசையும் கொழுப்புக் குளிசையும் காய்ச்சலுக்குப் போடும் பனடோல் போல இல்லை, அவை நாளாந்தச் சோறு போல. விரதம் இருந்தாலும் தண்ணியோடு குளிசை எடுக்கலாம், சீனி வருத்தக்காரர் மட்டும் விரதத்துக்கு முன் டொக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும். இருமல், கால் வீக்கம், தசை நோ என்று குளிசையால் ஏதும் வந்தால் வேறு குளிசை இருக்கிறது, போய்க் கேளுங்கள். கிளினிக்கில் காலை முழுக்க இருக்க வேண்டும் என்பதற்காகத் திகதியைத் தவறவிடாதீர்கள். மருந்து அங்கே இலவசம், கொப்பியில் உங்கள் பத்து வருடக் கதை இருக்கும்.

முழங்கால் நோவுக்குப் பார்மசியில் தானாக வாங்கிப் போடும் டைக்குளோபெனக் போன்ற குளிசைகள் பிறசரை ஏற்றும், இதயத்துக்கும் கூடாது. வயதானவர்கள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பாருங்கள். அதேபோல ‘இரத்தம் உறையாமல் இருக்க’ என்று வருத்தம் இல்லாத ஆள் தினமும் அஸ்பிரின் போடத் தொடங்கக்கூடாது. வயிற்றிலும் மூளையிலும் இரத்தம் கசியலாம். யாருக்கு வேண்டும் என்பதை டொக்டர் சொல்ல வேண்டும்.

உள்ளிக் கசாயத்துக்குப் பதில்: குழாயில் படிந்ததை அது கரைக்காது. உள்ளியைக் கறியில் நிறையப் போட்டுச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அந்தக் கசாயத்தை நம்பி ஒருவர் குளிசையை விடுவதுதான் எனக்குப் பயம்.

அம்மாவையும் மனைவியையும் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபிறகு இதய நோயின் ஆபத்து ஏறும். எங்கள் வீடுகளில் அவர்கள் கடைசியாகச் சாப்பிடுவார்கள், மிஞ்சிய பொரியலையும் சோற்றையும் வீணாக்கக் கூடாதென்று சாப்பிடுவார்கள், தங்கள் கிளினிக்கை மற்றவர்களுக்காக ஒத்திவைப்பார்கள். ஒரு அம்மா, இரவு எட்டு மணிக்கு மேல்வயிறு இறுகி வியர்த்தபோது வாய்வு என்று ஓமத்தண்ணி குடித்துப் படுத்தவ. பிள்ளைகளை எழுப்ப மனமில்லை. விடியக் கொண்டுவந்தபோது இதயத் தசையில் பெரிய பங்கு செத்துவிட்டது. பெண்களுக்கும், சீனி வருத்தக்காரருக்கும், வயதானவர்களுக்கும் நெஞ்சுநோ இல்லாமலே மூச்சுமுட்டு, மேல்வயிற்று நோ, தாடை நோ, வியர்வை, காரணமில்லாத களைப்பு என்று மாரடைப்பு வரும்.

ஆகவே இந்தப் பழக்கத்தையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல இறுக்கம், அது கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர் வியர்வை, மூச்சு எடுக்க ஏலாமை: இவை வந்து சில நிமிடத்தில் விடாவிட்டால் 1990 க்கு அடியுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் 2018 யூலையில் வடக்குக்கும் வந்துவிட்டது, காசு இல்லை. வருத்தக்காரரை இருத்திச் சாயவிடுங்கள், நடக்க விடாதீர்கள். அவரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். 300 மில்லிகிராம் அஸ்பிரின் சப்பி விழுங்கச் சொல்வது வழக்கம், ஆனால் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக்கசிவோ உள்ளவருக்குக் கூடாது, போனில் கேட்டுச் செய்யுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் மணித்தியாலங்களில்தான் வடிவாக வேலை செய்யும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் நோ நிற்காவிட்டால் வீட்டுக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள், திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆள் விழுந்து மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் தாழும்படி, நிமிடத்துக்கு நூறு தரத்துக்குக் குறையாமல், அம்புலன்ஸ் வரும்வரை அமத்திக்கொண்டே இருங்கள்.

சரி, வரும் கிழமைக்கு இதைச் செய்யுங்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணியைத் தவிர ஒன்றும் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேரும் பிறசர், சீனி, கொழுப்புப் பாருங்கள். அப்பா 52 வயதில் போனதை டொக்டருக்கு முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், சிகரெட்டையும் ஒளிக்க வேண்டாம். வரும்போது ஒரு கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் அந்த இலக்கங்களையும் திகதியையும் எழுதுங்கள். இலக்கங்கள் வந்தபிறகு எனக்கு எழுதுங்கள். அம்மாவின் இலக்கங்களையும் சேர்த்து.